மார்கழியில் கொரங்காட்டு வழியே மவுண்டன் பைக் பயணம்: பாதை குறித்து ஆலோசனை தேவை

கேள்வி (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நண்பர்கள் ஐவர். மார்கழிக் கடைசியில் ஒரு நாள் முழுவதும் புல்நிலங்களின் ஊடே மவுண்டன் பைக்கில் சென்றுவர விரும்புகிறோம். நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளைத்தான் முதலில் எண்ணினோம். ஆனால் முக்குருத்தி போன்ற இடங்கள் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால், அங்கே நம் விருப்பப்படி சைக்கிளை இறக்க முடியாது. ஆகவே காங்கேயத்தில் தொடங்கி, ஊதியூரைக் கடந்து, கொரங்காடுகள் எனப்படும் மேய்ச்சல் நிலங்களின் குறுக்கே மூலனூர் வரை போகலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். இது சரிப்படுமா? முள் தொல்லை எப்படியிருக்கும்?

மறுமொழி 1 (வெள்ளகோவில் பக்கம், விவசாயி)

பருவத்தைச் சரியாகத்தான் தேர்ந்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்திருந்தால் கொழுக்கட்டைப் புல் தழைத்து நிற்கும். சித்திரையில் வந்தால் செம்மண்ணையும் சரளையையும்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் "குறுக்கே" என்ற சொல்லைத் தங்கள் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கொரங்காடு புறம்போக்கு அன்று. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பட்டா நிலம். சுற்றிலும் முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக வளர்த்திருப்பதே, மேய்ப்பவர் இல்லாமல் மாடுகளை உள்ளே விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதற்காகத்தான். வேலியின் கடவை, அதாவது வாயிலை, யாரேனும் திறந்து போட்டுவிட்டுப் போனால் மாடு தார்ச்சாலைக்கு வந்துவிடும். பிறகு நடப்பதற்கு யார் பொறுப்பு? மழைக்குப் பின் புல் வேர்பிடித்துத் தழைக்கும்வரை மாட்டைக்கூட உள்ளே விடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு; அங்கே ஐந்து சைக்கிள் தடம் விழுவதை எவரும் விரும்பமாட்டார்கள்.

அதற்காகப் பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் வேலியிருக்க, நடுவே வண்டித்தடமாகச் செல்லும் இட்டேரிகள் எங்கள் பக்கம் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. சைக்கிளுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. வேலிக்கு மேல் வெள்வேல் மரங்களும், அவற்றின் நிழலில் காங்கேயம் மாடுகளும், மேச்சேரி ஆடுகளும் தெரியும். செந்நிறக் கன்றுகளைக் கண்டு வேறு இனமோ என்று எண்ண வேண்டாம். காங்கேயம் கன்று பிறக்கும்போது அந்த நிறம்தான், சில மாதங்களில் வெளுத்துவிடும். சில இட்டேரிகள் கொரங்காட்டுக் கடவிலேயே முடிந்துவிடும். அப்படி முடிந்தால் அருகிலுள்ள தோட்டத்து வீட்டில் கேளுங்கள். கேட்டவர்களை இங்கே யாரும் விரட்டுவதில்லை, பெரும்பாலும் மோரும் கிடைக்கும். ஊதியூர் மலையைச் சேர்ந்த காப்புக்காட்டுக்குள் மட்டும் இறங்காதீர்கள். 2023-இல் அங்கே சிறுத்தை நடமாட்டம் இருந்தது.

மறுமொழி 2 (ஈரோடு)

முள்ளைப் பற்றி ஐயா எழுதவில்லை. அவருக்கு அது பழகிப்போயிருக்கும். வெள்வேல் முள் வெள்ளையாக, நேராக, இணையிணையாக இருக்கும்; ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்ட இடங்களில் அது தரையெங்கும் சிதறிக்கிடக்கும். ஐந்து வண்டிகளும் டியூப்லெஸ்ஸாக இருந்து, டயருக்குள் துளையடைக்கும் திரவமான சீலன்டைப் புதிதாக ஊற்றியிருந்தால் பெரும்பாலான துளைகள் தாமே அடைபட்டுவிடும். காற்று இறங்காதவரை குத்திய முள்ளை வழியில் பிடுங்காதீர்கள். டியூப் போட்ட வண்டியென்றால், பஞ்சரானதும் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். வெளியே ஒடிந்துபோன முள்ளின் நுனி, அரிசி மூக்களவுக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் குறட்டால் இழுத்தெடுக்காமல் புதிய டியூபை மாட்டினால், ஃபர்லாங் தூரத்தில் அதுவும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. குறுக்கே போவதை விட்டுவிட்டோம். இட்டேரி வழியாகவே வருகிறோம். ஐந்து மணிக்கே காங்கேயத்திலிருந்து கிளம்பினால் வெயிலுக்கு முன் பாதித்தூரம் கடக்கலாமா? காற்று எதிர்க்குமா?

மறுமொழி 3 (மூலனூர்)

ஐந்து மணி வேண்டாம். அந்த நாட்களில் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. இருட்டில் இட்டேரியில் பாம்பும் தெரியாது, முள்ளும் தெரியாது. பனி இறங்கிய புல் கணுக்கால்வரை நனைத்துவிடும், ஆகவே மாற்றுக் காலுறை கொண்டுவாருங்கள். காற்றைப் பற்றிக் கவலை இல்லை: பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றோடு ஒப்பிட்டால், மார்கழி வாடை ஒரு பொருட்டே அன்று. திரும்பும்போது வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் வரை கரூர்–கோவை நெடுஞ்சாலையைப் பிடிக்க நினைக்காதீர்கள்; மாலையில் லாரிகள் நெருக்கும். வண்டிகளை ஏற்றிக்கொள்ள ஒரு டெம்போவை மூலனூருக்கே வரச்சொல்லிவிடுவது நல்லது. 29 அங்குல டியூப் இங்குள்ள சைக்கிள் கடைகளில் கிடைக்காது. ஆளுக்கு இரண்டு கையில் வைத்திருங்கள்.