பொங்கல் வாழ்த்து அட்டைகளைப் பிள்ளைகளோடு வீட்டில் செய்வது எப்படி?

கேள்வி: இருவரின் அம்மா

வணக்கம். எங்கள் வீட்டில் எட்டு வயது மகளும் நான்கு வயது மகனும் இருக்கிறார்கள். வரும் பொங்கலுக்கு ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கும் மாமா, அத்தை குடும்பங்களுக்கும் கைப்பேசியில் படம் அனுப்பாமல், பிள்ளைகளே செய்த வாழ்த்து அட்டைகளை அஞ்சலில் அனுப்ப விரும்புகிறேன். நான் பள்ளியில் படித்த காலத்தில் மார்கழி பிறந்ததும் கடைவாசலில் கயிறு கட்டி, உழவர், காளை, கரும்பு, திரைப்பட நடிகர்கள் என விதவிதமான படங்கள் அச்சிட்ட பொங்கல் வாழ்த்துகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். இப்போது எங்கள் பகுதிக் கடைகளில் அவற்றைக் காண முடிவதில்லை.

ஒத்திகையாகச் சில அட்டைகள் செய்து பார்த்தோம். சாதாரண ஏ4 தாளில் வாட்டர் கலர் தீட்டியதும் தாள் அப்பளமாக நெளிந்துவிட்டது. கெட்டியான அட்டையை வாங்கி மடித்தால் மடிப்பில் வெடித்துப் பிளவு தெரிகிறது. மகன் சிறிது நேரத்தில் எழுந்து ஓடிவிடுகிறான். மகளோ இணையத்தில் பார்த்த அட்டையைப் போலவே அமைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அமையாதபோது கிழித்துப் போடுகிறாள். எந்த அட்டையை வாங்குவது, இரு வயதினருக்கும் எந்த வேலையைக் கொடுப்பது, அஞ்சலில் கசங்காமல் எப்படி அனுப்புவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓவிய ஆசிரியர்

சகோதரி, நீங்கள் சொல்லும் முதல் இரண்டு சிக்கல்களும் தாளின் இயல்பால் வருபவை. நகல் எடுக்கும் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கொண்டது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் அந்தப் பக்கத்து இழைகள் உப்பித் தாள் வளைந்துவிடும். ஸ்டேஷனரி கடையில் 200 ஜிஎஸ்எம் ட்ராயிங் ஷீட் அல்லது ஐவரி அட்டை என்று கேட்டு வாங்குங்கள். வாட்டர் கலருக்குப் பதிலாகப் போஸ்டர் கலரைத் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் பயன்படுத்துங்கள். வண்ணம் காய்ந்ததும் பழைய செய்தித்தாள்களுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஓர் இரவு அடுக்கி வைத்தால், எஞ்சிய நெளிவும் பெரும்பாலும் போய்விடும்.

மடிப்பு வெடிப்பதற்குக் காரணம், அட்டையின் இழைகள் ஓடும் திசைக்குக் குறுக்கே மடிப்பதுதான். அட்டையை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில் மடிப்பு வருமாறு வெட்டிக்கொள்ளுங்கள். மடிப்பதற்கு முன் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டால் மடிப்பு நேராகவும் வெடிக்காமலும் அமையும். இந்த வேலைகளை நீங்கள் முந்தைய நாளே முடித்து வைத்துவிட வேண்டும். அட்டை தயாராகும் வரை குழந்தையைக் காத்திருக்கச் சொன்னால், அவனுடைய ஆர்வமெல்லாம் அந்தக் காத்திருப்பிலேயே கரைந்துவிடும்.

மகனுக்கு அச்சுக் குத்தும் வேலையைக் கொடுங்கள். வெண்டைக்காயைக் காம்புப் பக்கமாகக் குறுக்கே வெட்டி, பிசுபிசுப்பைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வண்ணம் ஊறிய பஞ்சில் தொட்டுக் குத்தினால் இதழ் இதழாகப் பூ விழும். உருளைக்கிழங்கை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு முனையை மட்டும் தட்டையாக்கினால் அது பொங்கல் பானை. பானையின் வாய்க்கு மேலே வெள்ளை வண்ணம் தொட்ட சுட்டுவிரலால் புள்ளி புள்ளியாக வைத்தால் பொங்கி வழியும் நுரை. நுரை வெள்ளையாகத் தெரிய வேண்டுமானால் அட்டை வெள்ளையாக இல்லாமல் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். கெட்டி அட்டைத் துண்டின் விளிம்பை வண்ணத்தில் தொட்டு ஒற்றினால் கரும்பும் அதன் கணுக்களும் கிடைத்துவிடும். இவை எல்லாம் சில நொடிகளில் பலன் தெரியும் வேலைகள் என்பதால் நான்கு வயதுப் பிள்ளை சற்றுக் கூடுதல் நேரம் உட்காருவான். அதற்குப் பிறகும் எழுந்து ஓடினால் ஓடட்டும்.

மகளுக்குத் திறந்தால் எழுந்து நிற்கும் அட்டையைக் கற்றுக்கொடுக்கலாம். ஏ4 அட்டையைக் குறுக்கே பாதியாக மடித்து, மடிப்பு விளிம்பின் நடுவில் இரண்டு செ.மீ. இடைவெளியில், மூன்று செ.மீ. ஆழத்துக்கு இரண்டு வெட்டுகள் கொடுத்து, நடுத்துண்டை உள்பக்கமாகத் தள்ளினால் ஒரு சிறு படி உருவாகும். அந்தப் படியின் முன்பக்கத்தில் தனியாக வரைந்து வெட்டிய பானையை ஒட்ட வேண்டும். பாதி அட்டையின் உயரம் ஏறத்தாழ 14.8 செ.மீ.; அதில் படியின் மூன்று செ.மீ. போக, பானையின் உயரம் 11 செ.மீ.க்குள் இருந்தால்தான் மூடும்போது வெளியே நீட்டாது. பின்னால் வேறொரு அட்டையை ஒட்டி வெட்டிய இடத்தை மறைத்துவிடலாம். ஒட்டுவதற்குப் பெவிகாலைவிடக் குச்சிப் பசை நல்லது. பெவிகாலில் உள்ள ஈரம் அட்டையை மறுபடியும் வளைத்துவிடும்.

பதில் 2: ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்

ஆசிரியர் கூறியவை அனைத்தும் சரியே. அஞ்சல் தொடர்பாக மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன். சாதாரணக் கடிதத்துக்கான முதல் எடை வரம்பு 20 கிராம். 300 ஜிஎஸ்எம் அட்டையில் ஒரு முழு ஏ4 தாளே ஏறக்குறைய 19 கிராம் இருக்கும். உறையைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும். 200 ஜிஎஸ்எம் அட்டையை ஏ4 அளவில் பாதியாக வெட்டி மடித்தால் ஆறு கிராம் சொச்சம்தான் வரும். உறையும் ஒரு சிறு கடிதமும் தாராளமாகச் சேரலாம். தபால்தலை குறைவாக ஒட்டினால் அந்தக் குறையை அபராதத்தோடு பாட்டியிடம் கேட்பார்கள் என்பதால், முதல் அட்டையை அஞ்சலகத்தில் எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பொத்தான், மணி, நெல், பருப்பு போன்றவற்றை அட்டையில் ஒட்ட வேண்டாம். உறையின் மீது முத்திரை குத்தும்போது அவை நொறுங்கும், அல்லது உறையைக் கிழித்துக்கொண்டு வரும். தானியமானால் வண்டும் வைக்கும். ஜிகினாவும் வேண்டாம் என்பது என் கருத்து. அது பெறுபவர் வீட்டுத் தரையிலிருந்து தைப்பூசம் வரை போகாது.

முகவரியை மகளே எழுதட்டும். பின்கோடு எண்ணின் ஆறு இலக்கங்களுக்கும் ஆறு கட்டங்கள் போட்டுக்கொடுங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த எண்ணின் முதல் இலக்கம் மண்டலத்தையும், முதல் மூன்றும் சேர்ந்து அஞ்சல் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் அஞ்சலகத்தையும் குறிக்கும். சென்னைக்கு 600, மதுரைக்கு 625 என்று சொல்லிக்கொடுத்தால், தமிழ்நாட்டு முகவரிகள் எல்லாம் ஆறில் தொடங்குவதைப் பிள்ளையே கவனித்துக் காரணம் கேட்கும். பண்டிகை நேரத்தில் தாமதமாகக்கூடும் என்பதால் ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள்.

பதில் 3: திண்ணைத்தோழி

எழுந்து நிற்கும் அட்டை அழகானதுதான், ஆனால் அத்தனை உறவினருக்கும் அதைச் செய்வதென்றால் வெட்டும் வேலை முழுவதும் அம்மாவின் தலையில் விழும். தாத்தா பாட்டிக்கு மட்டும் ஒன்று செய்தால் போதும். மகள் கிழித்துப் போடுவதற்குத் தீர்வு, முடிந்துபோன ஓர் அட்டையை மாதிரியாகக் காட்டாமல் இருப்பதே. மஞ்சள் கொத்தையோ கரும்புத் துண்டையோ எதிரில் வைத்துப் பார்த்து வரையச் சொல்லுங்கள். கண்ணெதிரே உள்ள கரும்பில் கணுக்கள் ஒரே இடைவெளியில் இருப்பதில்லை, தோகையும் நேராக நிற்பதில்லை. அதனால், தன் ஓவியம் கோணலாகிவிட்டது என்ற எண்ணம் அவளுக்கு எளிதில் வராது.

உள்ளே எழுதுவதையும் கவனியுங்கள். ‘இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்’ என்று மட்டும் எழுதினால் எல்லா அட்டையும் ஒன்றுபோல் ஆகிவிடும். பாட்டியிடம் என்ன கேட்க வேண்டும் என்று மகனிடம் விசாரித்து, அவன் சொல்வதை அக்கா அப்படியே எழுதட்டும். எங்கள் வீட்டுச் சிறியவன், ‘கன்றுக்குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா?’ என்று எழுதச் சொன்னான். அந்த ஒரு வரிக்காகவே என் மாமியார் பதில் கடிதம் போட்டார். எழுத்துப் பிழைகளை நீங்கள் திருத்த வேண்டாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அட்டையில் மஞ்சள் தூள் கரைசலைப் பூசிக் காயவைத்து, அதன் மேல் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்த தூரிகையால் கோலம் வரைந்தால் கோடுகள் சிவப்பாக மாறும்.

இருவரின் அம்மா

அனைவருக்கும் மிக்க நன்றி. மஞ்சள் யோசனை மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் சிறியவன் பக்கத்தில் இருக்கும்போது சுண்ணாம்பு வைத்துக்கொள்ளலாமா? அந்த நிறம் நிலைக்குமா?

ஓவிய ஆசிரியர்

சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து. துணி சோப்பைக் கரைத்த தண்ணீரே போதும், அதிலும் காரம் இருப்பதால் மஞ்சள் சிவந்துவிடும். அந்தக் கிண்ணத்தை மகள் பக்கம் வைத்துக்கொண்டு, மகனுக்கு வெண்டைக்காயைக் கொடுத்துவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். எனவே அட்டைகளை நிழலிலேயே உலர்த்தி உறையில் போட்டுவிடுங்கள். சன்னலோரத்தில் மாட்டி வைக்க வேண்டாம் என்று பாட்டிக்கு ஒரு வரி எழுதிவிடுவதும் நல்லது.