மாற்றுத்திறனாளிகள் வீட்டில் தோட்டம் போட எங்கள் வேலைமுறையில் என்னென்ன மாற்ற வேண்டும்?

கேட்டவர்: வடவள்ளித் தோட்டக்காரன்

வணக்கம்ங்க. கோயம்புத்தூர் வடவள்ளிப் பக்கம் வீட்டுத்தோட்டம் போட்டுக்கொடுக்கும் வேலை செய்கிறேன். நானும் இரண்டு பையன்களும்தான். பை, தென்னைநார்க் கலவை, பந்தல், சொட்டுநீர்க் குழாய் எல்லாம் நாங்களே கொண்டுபோய் வைத்து, மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்வோம். பெரும்பாலும் மொட்டைமாடிதான்.

போன வாரம் ஒரு அக்கா போன் செய்தார். விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டுச் சக்கரநாற்காலியில் இருக்கிறார். "மாடிக்கு நான் வர முடியாது. ஆனால் நானே பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு தோட்டம் வேண்டும்" என்றார். அதே சமயத்தில் கண் தெரியாத ஒரு சாரும் வாட்ஸ்ஆப்பில் விசாரித்திருக்கிறார். இரண்டு பேருக்குமே நன்றாகச் செய்துகொடுக்க வேண்டும் என்று ஆசை. இனிமேல் இப்படி யார் கேட்டாலும் யோசிக்காமல் சரி என்று சொல்கிற அளவுக்கு எங்கள் வேலையை மாற்றிக்கொள்ளவும் ஆசை.

பைகளை எந்த உயரத்தில் வைப்பது? பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும்? இரும்பு ஸ்டாண்டு அடித்தால் செலவு கூடுகிறது, அதை எப்படிக் கேட்பது? பேசாமல் இலவசமாகச் செய்துகொடு என்று வீட்டில் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பதில்: குற்றாலச்சாரல்

தம்பி, நான் தென்காசிப் பக்கம். தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனபிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் கீரையும் கத்தரியும் போட்டு வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த அக்காவுக்கு வேண்டியது காய் இல்லை, வேலை. காய் கடையிலேயே கிடைக்கும். நீங்கள் அழகாகப் போட்டுக்கொடுத்து, மாதாமாதம் வந்து நீங்களே களை எடுத்து, நீங்களே பறித்துக் கூடையில் வைத்துவிட்டுப் போனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எதை அவர் கையால் செய்வார், எதற்கு ஆள் வேண்டும் என்று முதல் நாளே அவரிடம் கேளுங்கள். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு முன்பு வந்த ஒருவர் என் நாற்காலிக்கு மேலாக என் மனைவியிடமே எல்லாம் பேசிவிட்டுப் போனார். அவரை நான் மறுபடி கூப்பிடவில்லை.

மாடியை மறந்துவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பிலும் லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும், மொட்டைமாடிக்கு ஒரு அடுக்குப் படி மிச்சம் இருக்கும். பால்கனி, போர்ட்டிகோ, பக்கவாட்டுச் சந்து எதுவானாலும் சரி. கீரைக்கு நாலைந்து மணி நேர வெயில் போதும். தக்காளி, வெண்டைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். வீட்டில் எந்த மூலையில் எப்போது வெயில் விழுகிறது என்று அந்த அக்காவைக் கேளுங்கள், நாள் முழுக்க வீட்டில் இருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

உயரத்துக்கு வருவோம். கீரைக்கு ஒரு மாதிரி, காய்க்கு ஒரு மாதிரி. கீரை, கொத்தமல்லி, புதினாவுக்கு 6 அங்குல ஆழத் தொட்டி போதும். அதை மேசை மாதிரி ஸ்டாண்டில் வைத்து, முழங்கால் உள்ளே போகும்படி அடியில் 27 அங்குலம் இடம் விடுங்கள். ஆனால் இது பொது அளவுதான். நாற்காலிக்கு நாற்காலி உயரம் மாறும், மெத்தை போட்டால் இன்னும் மாறும். டேப்பைக் கொண்டுபோய் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே முழங்கால் உயரம் அளந்துவிட்டு அப்புறம் வெல்டிங் கடைக்குப் போங்கள். தொட்டியின் அகலம் ஒரு பக்கமிருந்து எட்டுவதென்றால் 2 அடிக்கு மேல் வேண்டாம். எட்டாத இடத்தில் களைதான் வளரும்.

கத்தரி, தக்காளிக்கு ஆழப் பை வேண்டும். அதை மேசை உயரத்தில் வைத்தால் செடி தலைக்கு மேலே போய்விடும். ஒரு அடி உயர ஸ்டாண்டில் வைத்து, நாற்காலியைப் பக்கவாட்டில் நிறுத்தி வேலை செய்கிற மாதிரி விடுங்கள். காய்கள் தோள் மட்டத்துக்குள்ளேயே வந்துவிடும்.

ஸ்டாண்டைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். 3 அடிக்கு 2 அடித் தொட்டி நனைந்த கலவையோடு எழுபது, எண்பது கிலோ வரும். அதைவிட முக்கியம், முன்னால் குனியும்போது எங்களுக்கு இடுப்பில் பிடிமானம் இருக்காது, ஒரு கையால் ஸ்டாண்டைத்தான் பிடித்துக்கொள்வோம்.

அப்புறம், வேலை முடிந்ததும் உங்கள் உள்ளங்கையை அந்த ஸ்டாண்டின் அடிப்பக்கம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். போல்ட் முனை, வெல்டிங் பிசிறு, கட்டுக்கம்பி நுனி எதுவும் குத்தக்கூடாது. என் முழங்காலில் கம்பி கீறியது எனக்குத் தெரியவே தெரியாது. ரத்தம் வேட்டியில் பட்டபிறகு வீட்டில் பார்த்துச் சொன்னார்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் காயம் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், இது சின்ன விஷயம் இல்லை. மேல் விளிம்பில் பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்கில் பிளந்து மாட்டிவிட்டால் முன்கையும் உரசாது. மதிய வெயிலில் இரும்பு சுடும், அதுவும் கால் பட்டால் எங்களுக்குத் தெரியாது. பெயின்ட் வெள்ளையாக அடியுங்கள், மேலே நிழல்வலை கட்டுங்கள்.

வெயிலைப் பற்றி இன்னொன்று. கழுத்துப் பகுதியிலோ மேல்முதுகிலோ தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வேர்க்காது. வேர்க்காவிட்டால் உடம்புச் சூடு தணியாது, ஏறிக்கொண்டே போகும். 11 மணிக்கு வந்து "அக்கா, வெளியே வாங்க, காட்டுகிறேன்" என்று நிறுத்தி வைக்காதீர்கள். காலை 7 மணிக்கே போய்விடுங்கள்.

பாதை நேராகப் போக 3 அடி, நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி. சொட்டுநீர்க் குழாயைப் பாதைக்குக் குறுக்கே விடாமல் சுவரோரமாகக் கொண்டுபோங்கள். ஜல்லியும் கூழாங்கல்லும் பார்க்க நன்றாக இருக்கும், முன்சக்கரம் புதைந்துவிடும். மண்தரையாக இருந்தால் பலகை போட்டால் போதும். மெரினாவில் 2022இல் மணல்மேல் மரப்பாதை போட்டபிறகுதானே எங்களைப் போன்றவர்கள் அலைக்குப் பக்கத்தில் போக முடிந்தது. வாசலில் அரை அடிப் படி இருந்தால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும், ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்று கணக்கு. இரண்டடிப் பலகையைச் சாய்த்து வைத்துச் சாய்தளம் என்று சொல்லும் வீடுகள் நிறைய. அதில் ஏறினால் நாற்காலி பின்னால் கவிழும்.

இலவசம் வேண்டவே வேண்டாம். இலவசமாகச் செய்தால் பந்தல் சாய்ந்தாலும் அவர் வாய் திறந்து குறை சொல்ல மாட்டார். ஸ்டாண்டுக்கு ஆன இரும்புக் காசை வாங்கிக்கொள்ளுங்கள். கூடுதலாக அளவெடுக்கும் நேரத்துக்கும் பேசும் நேரத்துக்கும் தனியாகக் கூலி போடாதீர்கள். அவ்வளவுதான் நியாயம்.

---

பதில்: ரீங்காரம்

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. மதுரையில் ஆசிரியை. பால்கனியில் தக்காளி, மிளகாய், கத்தரி, கற்பூரவல்லி வைத்திருக்கிறேன்.

அந்த சார் வாட்ஸ்ஆப்பில் விசாரித்தார் என்றீர்கள். அவருக்கு விலைப்பட்டியலைப் படமாக அனுப்பியிருந்தால் தயவுசெய்து எழுத்தாக மறுபடி அனுப்புங்கள். போன் திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் எழுத்தைத்தான் ஒழுங்காகப் படிக்கும். உங்கள் கடையின் அழகான நோட்டீஸ் எனக்குப் பெரும்பாலும் "படம்" என்ற ஒரு சொல்லாகத்தான் வந்து சேரும். தட்டச்சு செய்ய நேரம் இல்லையென்றால் குரல்பதிவு போதும்.

செடிகளை அடையாளம் காண எங்களுக்குக் கஷ்டம் இல்லை. தக்காளி இலையைத் தொட்டாலே விரலில் வாசனை ஒட்டிக்கொள்ளும். கத்தரி இலை பஞ்சுபோல, நரம்பில் சில ரகத்துக்கு முள். வெண்டை சொரசொரக்கும், மிளகாய் வழவழ. நாற்றாக இருக்கும்போதுதான் குழப்பம். அதற்குப் பையின் காதில் நைலான் கயிறு கட்டி முடிச்சுப் போட்டுவிடுவேன், தக்காளிக்கு ஒன்று, கத்தரிக்கு இரண்டு. உங்கள் பையன்கள் செய்ய வேண்டியதெல்லாம் சொல்லாமல் பைகளை இடம் மாற்றாமல் இருப்பதுதான். வெயிலுக்காக நகர்த்தத்தான் வேண்டுமென்றால், நகர்த்திய இடத்துக்கு அவர் கையைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுப் போகட்டும். கையைப் பிடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் பிடிக்கட்டும்.

முட்டுக் குச்சிகளின் முனையில் பாட்டில் மூடியைச் செருகுங்கள். செடியிடம் குனியும்போது கண்ணுக்கும் கன்னத்துக்கும் நேராக வருவது அதுதான். யாரும் இதைச் சொல்வதே இல்லை.

மாவுப்பூச்சியை விரலாலேயே பிடித்துவிடலாம். இலைக்கு அடியில், காம்பு முட்டும் இடத்தில் பஞ்சுமாதிரி நசநசக்கும். மிளகாயில் இலைச்சுருட்டும் தடவினால் தெரியும். தெரியாதது நிறம்தான். இலை மஞ்சளாவதும் புள்ளி விழுவதும் எனக்குக் கடைசியில்தான் தெரியவரும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் வீடியோவில் பார்த்துச் சொல்கிறோம் என்று ஒரு ஏற்பாடு வைத்தால் நான் காசு கொடுத்தே சேருவேன். எந்த மருந்து அடித்தீர்கள், எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்பதையும் குரல்பதிவில் போட்டுவிட வேண்டும். வேப்பெண்ணெயும் பஞ்சகவ்யமும் மூக்குக்குத் தெரிந்துவிடும், மற்ற பாட்டில்களுக்கு ரப்பர் பேண்டு சுற்றி வித்தியாசப்படுத்துங்கள்.

---

பதில்: சிட்லபாக்கம் அம்மா

என் மகனுக்கு ஆட்டிசம், 16 வயது. நாங்களும் ஆள் வைத்துத்தான் தோட்டம் போட்டோம். சக்கரநாற்காலி, கண் பார்வை இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடு இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம். அது மாறினால் அன்றைக்கு முழுக்க அவன் நிலைகொள்ள மாட்டான். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். ஈரத் தென்னைநார் கையில் பட்டால் அவனுக்குப் பிடிக்காது, கையுறை போட்டால் சரி. புல் வெட்டும் மெஷின் சத்தம் ஆகவே ஆகாது. தண்ணீர் ஊற்றுவதை மட்டும் அவனிடம் விட்டோம். பைக்கு ஒரு குவளை என்று வரிசையாக ஊற்றிக்கொண்டு போவான், ஒரு பை விடாது. வந்த அண்ணன் அவசரப்பட்டு அவனிடமிருந்து குவளையை வாங்கியதே இல்லை. அதற்காகவே அவரை விட மனசில்லை எங்களுக்கு.

---

பதில்: வடவள்ளித் தோட்டக்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. எழுதியதைப் பையன்கள் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். பாட்டில் மூடியை இன்றைக்கே எல்லா வீட்டுக் குச்சியிலும் மாட்டப் போகிறோம், அது எல்லோர் கண்ணுக்கும்தானே. விலைப்பட்டியலை எழுத்தாக அடித்து அந்த சாருக்கு அனுப்பியாயிற்று, குரல்பதிவும் சேர்த்து. வாரவீடியோ ஏற்பாட்டையும் அவரோடு தொடங்குகிறோம். காது கேளாதவர்களும் கேட்கலாம் என்பதால் நோட்டீசில் "போன் செய்யவும்" என்பதோடு "மெசேஜ் அனுப்பினாலும் போதும்" என்றும் சேர்த்துவிட்டேன்.

நாளை காலை 7 மணிக்கு அக்கா வீட்டில் அளவெடுக்கப் போகிறேன். குற்றாலச்சாரல் அண்ணா, ஒரே ஒரு சந்தேகம். அவருக்குப் பந்தல் காய் கட்டாயம் வேண்டுமாம், புடலையும் பாகலும். நாங்கள் வழக்கமாக 6 அடியில் போடுவோம். உட்கார்ந்து பறிக்க எவ்வளவு வைக்கட்டும்?

---

பதில்: குற்றாலச்சாரல்

நாலரை அடி வையுங்கள். ஆனால் அவர் கையை மேலே தூக்கச் சொல்லி, வலியில்லாமல் எட்டும் உயரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாற்காலி தள்ளித் தள்ளி எங்கள் தோள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். பாகல் தாராளமாகப் போடலாம். புடலையில் நீளக் காய் ரகம் வேண்டாம், அந்த உயரத்தில் மடியிலேயே வந்து விழும். குட்டைப் புடலை விதையாகக் கேட்டு வாங்குங்கள். பந்தல்கால் இரண்டுக்கும் நடுவே 4 அடியாவது விடுங்கள். அளவெடுத்ததும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.