கடைசிக் கட்டத்துக்கு முந்தைய பக்கம்

பழைய அமெரிக்கக் காதல் காமிக்ஸோடு எனக்கு ஏற்பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவன் நான். காதலுக்கென்றே தனி காமிக்ஸ் இதழ்கள் வந்த காலம் ஒன்று இருந்தது என்பது நியூஜெர்சிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. வீட்டைக் காலி செய்கிறார் என்று பரணிலிருந்த பெட்டிகளை இறக்கிக் கொடுக்கப் போனேன். ஒரு பெட்டி நிறைய 'சீக்ரெட் ஹார்ட்ஸ்', 'யங் ரொமான்ஸ்' என்ற காதல் காமிக்ஸ் இதழ்கள். பழுப்பேறிய தாள், அட்டையில் 12 சென்ட் விலை. பதினான்கு வயதில், அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட காசில் வாங்கி, மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தாராம்.

'யங் ரொமான்ஸ்' 1947-இல் தொடங்கியது. கேப்டன் அமெரிக்காவை உருவாக்கிய அதே ஜோ சைமனும் ஜாக் கிர்பியும்தான் இதையும் தொடங்கினார்கள். இத்தகைய கதைகளை எழுதியவர்களும் வரைந்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் கதை சொல்வது அநேகமாக ஒரு பெண், "நான்" என்று. 1954-இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதியைப் போட்டுக்கொண்டார்கள். காதல் கதைகள் குடும்பத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்று அதில் எழுதியே வைத்திருந்தார்கள். அப்புறம் கதை முடியும் கடைசிப் படக்கட்டம் எப்படி இருக்கும்? அடங்கிப் போன பெண், அணைத்துக்கொள்ளும் பையன், ஒரு முத்தம்.

"கடைசிக் கட்டத்தை நான் நம்பினதே இல்லை. நடுப்பக்கங்களுக்காகத்தான் வாங்குவேன்" என்றார் அந்த அம்மா. ஓர் இதழைப் பிரித்துக் காட்டினார். கதாநாயகி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, தன்னை மட்டம் தட்டியவனிடமே திரும்பி ஓடுகிறாள். கன்னத்தின் சிவப்பு முழுக்கச் சின்னச் சின்ன அச்சுப் புள்ளிகள். ஓரத்தில் பென்சிலால், பள்ளிக்கூடக் கையெழுத்தில், "போகாதே!" என்று எழுதியிருந்தது. அழுத்தி எழுதியதில் மறுபக்கமும் தாள் புடைத்திருந்தது. "நான்தான் எழுதினேன்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

சில மாதம் கழித்து நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டீன் 1963-இல் தீட்டிய 'ட்ரவுனிங் கேர்ள்' முன்னால் நின்றேன். அலைக்குள் மூழ்கும் பெண், அதே புள்ளிகள், அதே கண்ணீர். மூலம் 1962-இல் 'சீக்ரெட் ஹார்ட்ஸ்' 83-ஆம் இதழில் வந்த ஒரு கட்டம். அதில் பின்னால் கவிழ்ந்த படகைப் பிடித்தபடி காதலன் இருப்பான். ஓவியத்தில் அவன் இல்லை. மூலத்தை வரைந்தவர் டோனி அப்ரூஸோ. கூட வந்த நண்பர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. அந்தக் கண்ணீரை முதலில் வரைந்தது அவர் கைதானே!

வீடு மாறிப் போகும்போது அந்த அம்மா பென்சில் எழுத்து இருந்த இதழை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்து இருந்தால் விலை போகாது, பக்குவமாக அழித்துவிடலாம் என்றார் பழைய காமிக்ஸ் சேகரிக்கும் நண்பர். நான் அழிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாயாவி புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.