குழாய்த் தண்ணீரில் குளோரின் தேவையா, வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. போதுமா?

தெளிநீர்:
குழாயைத் திறந்தாலே குளோரின் வாடை. ஆற்றுத் தண்ணீரில் மட்கிக் கிடக்கும் இலை தழையோடு குளோரின் சேர்ந்தால் ட்ரைஹாலோமீத்தேன் என்ற வேதிப்பொருள் உண்டாகும். அதைப் பல வருடம் குடித்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாக வருவதாக ஆய்வுகள் இருக்கின்றன. அப்புறம் ஏன் ஊர் முழுக்கக் கலக்க வேண்டும்? நிறுத்திவிட்டு ஆளுக்கொரு ஆர்.ஓ. சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

குழாயடி:
மண்ணுக்குள் ஓடும் குழாயை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். பல நகரங்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பக்கத்துச் சாக்கடைக் குழாய் கசிந்து மண் ஊறியிருந்தால், இணைப்பில் உள்ள விரிசல் வழியாக அந்தக் கழிவு உள்ளே வரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் விட்டதும் முதலில் கலங்கலாக, நாற்றத்தோடு வருகிறதே, அங்கே சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் எவ்வளவு நன்றாக வடிகட்டினாலும், அதைத் தாண்டிய பிறகு நமக்குக் காவல் மிச்சக் குளோரின்தான், அதாவது கலந்ததில் தீர்ந்துபோகாமல் தண்ணீரோடு வரும் குளோரின். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆர்.ஓ. வாங்க வழியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வாங்கியவர்களும் அந்தத் தண்ணீரிலா பல் தேய்க்கிறார்கள், காய்கறி கழுவுகிறார்கள்?

தெளிநீர்:
1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் கிரிப்டோஸ்போரிடியம் கிருமியால் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு. அதுவும் குளோரின் கலந்த தண்ணீர்தான். உங்கள் காவல் அன்றைக்கு எங்கே போனது?

மணல்வடி:
நடுவில் வருகிறேன். அந்தக் கிருமியின் ஓடு தடித்தது, குளோரினுக்கு அசையாது. ஆனால் மில்வாக்கியில் கோட்டைவிட்டது வடிகட்டுவதில். அதற்கு மருந்து நல்ல வடிகட்டலும் புற ஊதா ஒளியும்.

1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவால் 8,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஒட்டியிருந்த அல்டோனா ஊரும் அதே எல்பே ஆற்றில்தான் தண்ணீர் எடுத்தது, அதுவும் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு. ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்ததால் பெரும்பாலும் தப்பியது. இரண்டு ஊருக்கும் எல்லையான தெருவில் ஒரு பக்கம் காலரா, எதிர்ப்பக்கம் இல்லை! மட்கிய இலை தழையை முதலிலேயே நீக்கிவிட்டுக் குளோரின் கலந்தால் தெளிநீர் பயப்படும் ட்ரைஹாலோமீத்தேனும் குறையும்.

தெளிநீர்:
சரி, வடிகட்டலைச் சீராக்கி, குழாயடி சொன்ன விரிசல் குழாயெல்லாம் மாற்றி முடிக்க எத்தனை வருடம் ஆகும்? அதுவரை என் குழந்தைக்கு ஆர்.ஓ.தான். டிடிஎஸ் மீட்டரில் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறேனே.

குழாயடி:
குழந்தைக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அந்த மீட்டர் காட்டுவது கரைந்திருக்கும் உப்பை. சாக்கடைக் கிருமி கலந்திருந்தாலும் எண் இறங்கியே நிற்கும். இயந்திரத்தில் உள்ள கரி வடிகட்டி குளோரினையும் எடுத்துவிடுவதால், அதன் தொட்டியைக் கழுவாமல் விட்டால் கிருமி மறுபடி வளரும். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கருவியான குளோரோஸ்கோப்பில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கூட வரும் மருந்தைச் சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் வரவில்லையென்றால் குளோரின் இல்லை. அன்றைக்குக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கையோடு தெருப்பெயர் போட்டுப் புகாரும் எழுதுங்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் அடுத்த வீட்டிலும் அநேகமாக இருக்காது, அங்கே ஆர்.ஓ.வும் இல்லாமல் இருக்கலாம்.