படம் வரைய நிதியுதவி (கிராண்ட்) இல்லையாம், தொழில் கற்கத்தானாம். என்ன எழுதுவது?

கரிக்கோடு:
வேலையை விட்டுவிட்டு முழுநேர ஓவியனாகி மூன்று வருடம் ஆகிறது. ஒரு கலை அமைப்பு தனிக் கலைஞர்களுக்கு நிதியுதவி அறிவித்திருக்கிறது, ஆனால் புதுப் படைப்புக்குக் கிடையாதாம், ‘தொழில் திறனை வளர்த்துக்கொள்ள’ என்று போட்டிருக்கிறார்கள். ஓவியத்துக்கு என்றால் பக்கம் பக்கமாக எழுதிவிடுவேன். இதற்கு மார்க்கெட்டிங் வகுப்பு, புது வெப்சைட், ஒரு லேப்டாப் என்று எழுதி வைத்திருக்கிறேன், படித்தால் வேறு யாரோ எழுதிய மாதிரி இருக்கிறது. வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கலைஞனுக்கு எதற்கு இந்தக் கணக்குவழக்கு என்று உள்ளுக்குள் ஒரு முனகலும் ஓடிக்கொண்டிருக்கிறது, மறைப்பானேன்.

சக்கரமும் மண்ணும்:
நீங்கள் எழுதியிருப்பது கடைக்குக் கொண்டுபோகிற சீட்டு. நானும் முதல் தடவை அப்படித்தான் எழுதினேன், கிடைக்கவில்லை.

போன வருடம் உங்கள் பணம் எந்த ஓட்டை வழியாகப் போனது என்று முதலில் பாருங்கள். நான் மண்பாண்டம் செய்கிறவள். மொத்தமாக ஒரு ஆர்டர் வந்தது, மண்ணுக்கும் சூளைக்கும் ஆன செலவோடு கொஞ்சம் சேர்த்து விலை சொன்னேன். சூளையில் பத்து வைத்தால் இரண்டு விரிசல் விடும், அந்த இரண்டின் செலவையும் மீதி எட்டுதான் சுமக்க வேண்டும், அது என் கணக்கில் இல்லை. பூச்சு பூசிய நேரம், பொதி கட்டிய நேரம் எதுவும் இல்லை. ஆர்டர் முடிந்தபோது கைக்காசுதான் போயிருந்தது. இரண்டாவது விண்ணப்பத்தில் இதை அப்படியே எழுதி, கலைஞர்களின் கணக்கைப் பார்த்துப் பழகிய ஒருவரோடு ஆறு அமர்வு வேண்டும், முடிவில் என் விலைப்பட்டியலை முழுதாக மாற்றி எழுதுவேன் என்றேன். கிடைத்தது.

தூரிகைக்காரன்:
எனக்கு ஓட்டை ஒப்பந்தத்தில். அட்டைப்படம் ஒன்று வரைந்து கொடுத்தேன், பேச்சு எல்லாம் மெயிலில்தான். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால் அதே படம் பைகளிலும் காலண்டரிலும். எதற்கெல்லாம், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்று ஒரு வரிகூட எழுதி வாங்கியிருக்கவில்லை. படத்தை விற்பது வேறு, பதிப்புரிமையை விற்பது வேறு. பெரும்பாலான நாடுகளில் எழுதிக் கொடுத்தால் ஒழிய உரிமை வரைந்தவரிடமே இருக்கும். இதை முப்பத்தெட்டு வயதில் ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த மாதிரி ஆலோசனைக் கட்டணத்தைத் தாராளமாகக் கேட்கலாம்.

நாலாவது நாற்காலி:
தேர்வுக் குழுவில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் முதலில் திருப்புவது பட்ஜெட் பக்கத்தைத்தான். கூட்டல் தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் எல்லாருக்கும் சம்பளம் போட்டுவிட்டு தனக்கு மட்டும் பூஜ்யம் போட்டிருப்பார்கள். உங்கள் நேரத்துக்கும் கூலி போடுங்கள், விதி தடுத்தால் ஒழிய. லேப்டாப் மாதிரி சாதனங்களைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. நீங்கள் முதலில் செலவு செய்து ரசீது கொடுத்தால்தான் பணம் வருமா என்று பாருங்கள், கையில் காசில்லாமல் அதில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கிராண்ட் பணத்துக்கு வரி உண்டா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள். புரியாத இடத்தில் அந்த அமைப்புக்கே போன் போடுங்கள், அதற்குத்தான் ஆள் வைத்திருக்கிறார்கள். யாரும் போடுவதில்லை!

அந்த முனகல் விஷயம்: அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய கிரியேட்டிவ் கேப்பிடல் என்ற அமைப்பு கலைஞர்களுக்குப் பணத்தோடு தொழில் ஆலோசனையும் சேர்த்தே கொடுத்து வருகிறது. பணம் ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும், விலை சொல்லத் தெரிந்தால் அது கூடவே இருக்கும்.

அரைவயிறு:
எல்லாம் சரி. ஆனால் வாடகைக்கே வழியில்லாதவனிடம் போய் பிசினஸ் பிளான் எழுது என்பது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. அயர்லாந்தில் 2022இல் 2,000 கலைஞர்களைக் குலுக்கலில் எடுத்து வாரம் 325 யூரோ கொடுத்தார்கள், வகுப்புக்கு வா என்று கட்டாயப்படுத்தவில்லை. கலைஞனுக்கு வேண்டியது நேரம்.

சக்கரமும் மண்ணும்:
@அரைவயிறு மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று எனக்கு வருகிற வரைக்கும் விரிசல் விட்ட இரண்டு பானையை யார் கணக்கில் எழுதுவது?

கரிக்கோடு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து பழைய மெயில்களைத் தோண்டினேன். ஐந்து பேர் எனக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது, அதில் மூன்று பேருக்கு நான் இன்வாய்ஸே அனுப்பவில்லை, கேட்கக் கூச்சம். லேப்டாப்பைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன், விண்ணப்பத்தின் முதல் வரி இந்த மூன்று இன்வாய்ஸ்தான். @நாலாவது நாற்காலி, அனுப்புவதற்கு முன் பட்ஜெட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்வீர்களா?