பிரிந்தவர்கள் சேரும் இடம் ஆஸ்பத்திரிதானா?

பூவரசு:

குடும்ப நாவலும் தொடர்கதையும் எழுதுகிறவர்கள் கூடும் இடம் என்பதால் நேராகவே கேட்கிறேன். பல வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தங்கை சேர வேண்டும் என்றால் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தே ஆக வேண்டுமா? இந்த வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் கட்சி.

பேச வசதியாக ஒரு மாதிரிக் கதை. 40 அத்தியாயம், ஊர் திண்டுக்கல். அம்மா முன்பே இல்லை. அப்பாவும் போன பிறகு, வீட்டை அண்ணன் பேருக்கு மாற்றத் தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா" என்கிறார் அண்ணன். விஷயம் புரிந்த நாளிலிருந்து 12 வருடம் பேச்சு இல்லை. 36-ஆம் அத்தியாயத்தில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். தங்கை ஓடி வருகிறாள். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கி, "என்னைய மன்னிச்சிரும்மா" என்கிறார். அழுகை, சுபம்.

35 அத்தியாயமாக வாசகர் மனசில் இருந்த கேள்வி, செய்தது தப்பு என்று அண்ணன் ஒப்புக்கொள்வாரா என்பது. 36-இல் அது 'பிழைப்பாரா' என்று மாறிவிடுகிறது. பிழைத்ததும் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்த மாதிரி ஒரு மயக்கம் வருகிறது. கிடைக்கவில்லை. அதைவிட மோசம், உயிருக்குப் போராடுகிற அண்ணனிடம் 'முடியாது' என்று எந்தத் தங்கையால் சொல்ல முடியும்? மறுக்க முடியாத இடத்தில் வைத்து வாங்கும் மன்னிப்பு, 12 வருடத்துக்கு முன் வாங்கிய அதே கையெழுத்துதான்.

கனகாம்பரம்:

பூவரசு, மன்னிப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னதை ஏற்க மாட்டேன்.

நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்பது நம் பக்கத்து வழக்கம். பேச்சு அறுந்த இரண்டு வீட்டுக்கு இடையில் கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். பத்திரிகை வரவில்லை என்றால் போக முடியாது. போனால் மரியாதை இல்லை. அழைப்பே வேண்டாத கதவு இரண்டுதான்: ஆஸ்பத்திரி, சாவு வீடு. 12 வருடக் கோபத்தோடு ஒருத்தி மானம் கெடாமல் அண்ணனைப் பார்க்கப் போகக்கூடிய இடம் வேறு எது? அதை எடுத்துவிட்டால் அவர்களைத் தற்செயலாகப் பஸ் ஸ்டாண்டில் சந்திக்க வைப்பீர்கள். அதுதான் பொய்யாக இருக்கும்.

கோளாறு எழுதுகிற விதத்தில் இருக்கிறது. முதலில் நோயைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாரடைப்புக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கும்போது பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. மணிக்கட்டிலோ தொடை மடிப்பிலோ மரத்துப்போக ஊசி போட்டுக் குழாயைச் செலுத்துவார்கள்; ஆள் விழித்தே இருப்பார். சிக்கல் இல்லை என்றால் சில நாளில் வீடு. ஆக, வென்டிலேட்டரோடு கடைசி வசனம் பேசுகிற காட்சிக்கு இந்த நோய் பொருந்தாது. வாய்வழியாகக் குழாய் போட்டவரால் பேசவும் முடியாது. பக்கவாதம் என்றால் கணக்கே வேறு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடது பக்கம். அங்கே அடைப்பு வந்தால் பேச்சும் குழறும், வலது கையும் விழும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அண்ணனுக்கு எதைக் கொடுக்கிறீர்களோ அதுவே மிச்சக் கதையைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது, படுக்கையை விட்டு வெளியே வாருங்கள். அண்ணி ஏதோ விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள், மகன் பெங்களூரில். பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணித் தங்கை முதலில் வந்துவிடுகிறாள். நோயாளி நினைவோடு இருந்தாலும் கூட வந்தவரிடமும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பேர் எழுதுகிறாள். அடுத்த கட்டம்: 'நோயாளிக்கு என்ன உறவு?' நர்ஸ் அவசரப்படுத்துகிறார். பேனா கொஞ்ச நேரம் நிற்கிறது. 'தங்கை' என்று எழுதுகிறாள். 12 வருடமாக அவள் வாயில் வராத சொல் ஒரு படிவத்தில் வருகிறது. வசனமே வேண்டாம். பிறகு அண்ணனுடைய மோதிரம், வாட்ச், அரைஞாண் கயிறு எல்லாம் ஒரு பாலிதீன் பையில் அவள் கைக்கு வரும். ராத்திரி முழுக்க அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருக்கிறாள். அண்ணி வந்ததும் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். இதை வேண்டாம் என்பீர்களா?

பூவரசு:

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 'உறவு' கட்டம் ரொம்ப நல்ல இடம். ஆனால் பாருங்கள், அங்கேயும் இறங்கி வந்தது தங்கைதான். காயப்பட்டவள் ஓடி வருகிறாள், காயப்படுத்தியவர் படுத்திருக்கிறார். நம் குடும்பக் கதைகளில் திரும்பத் திரும்ப இதுதான் நடக்கிறது. இரண்டாவது வாய்ப்பு என்றால் அதற்கு உழைக்க வேண்டியவர் தப்புச் செய்தவர்.

அதனால் உங்கள் நோய்க் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். பக்கவாதம் வேண்டாம், பேசவும் எழுதவும் முடியாதவர் மௌனமாக இருந்தால் அதில் குற்றமில்லை. மாரடைப்பே இருக்கட்டும். மறுநாளே பேச முடிகிறது, ஆனாலும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த அண்ணன்தான் கதைக்கு வேண்டும்.

அப்புறம் வீட்டு விஷயம். இதில் எழுதுகிறவர்கள் சட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் காட்சியைக் கெடுக்கிறார்கள். அண்ணன் அந்தப் பத்திரத்தைக் கிழித்து எறிவார், தங்கை அழுவாள். பதிவான பத்திரத்தைக் கிழித்தால் ஒன்றும் ஆகாது, நகல் அலுவலகத்தில் இருக்கிறது. ஏமாற்றி வாங்கியது என்று ரத்துக்கு வழக்குப் போடவும், ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து 3 வருடம்தான் கெடு. 12 வருடம் ஆனதால் தங்கைக்குக் கோர்ட் கதவு சாத்தியாகிவிட்டது. கதைக்கு இது பெரிய கொடை. யாரும் அண்ணனைக் கட்டாயப்படுத்த முடியாது. அவராக நினைத்தால்தான் உண்டு.

அவர் செய்யக்கூடியது, பாதி வீட்டைத் தங்கை பேருக்குப் புதிதாக செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் உறவுக்கு எழுதும் பத்திரம்) எழுதிக் கொடுப்பது. இங்கே எழுத்தாளர் முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது ஒன்று: வீடு அப்பா சுயமாகச் சம்பாதித்ததா, தாத்தா வழி வந்ததா? சுயசம்பாத்தியம், உயில் இல்லை என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு. தங்கை விட்டுக்கொடுத்த பிறகு வீடு முழுக்க அண்ணனுடையது. அவர் ஒருவர் கையெழுத்தே போதும். தாத்தா வழிக் கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் அண்ணனின் பிள்ளைகளுக்கும் பிறப்பால் பங்கு. அவர் மட்டும் தூக்கிக் கொடுக்க முடியாது, மகனும் சம்மதிக்க வேண்டும். அப்படி வைத்தால் பெங்களூர் மகன் கதைக்குள் வந்தே ஆக வேண்டும். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு என்று 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அதற்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது, 2005 திருத்தம்தான் அவர்களையும் சேர்த்தது. ஆகவே கையெழுத்து வாங்கியது 2005-க்கு முன் என்றால், தங்கைக்கு எந்த வருடம் கல்யாணம் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைதிருத்தி:

இரண்டு பேரும் காட்சியைப் பேசுகிறீர்கள், நான் அளவைப் பேசுகிறேன்.

36-இல் ஆஸ்பத்திரி வைத்தால் மிச்சம் நாலு அத்தியாயம். அதற்குள் பூவரசு சொல்லும் பத்திரம், மகன், அண்ணி எதுவும் அடங்காது. அதனால்தான் எல்லோரும் ஒரு 'மன்னிச்சிரு'வில் முடிக்கிறார்கள். அதே ஆஸ்பத்திரியை 24-க்குக் கொண்டுவாருங்கள். 16 அத்தியாயம் கையில் இருக்கும். அங்கே சேர வேண்டாம், பார்த்துக்கொண்டால் போதும்.

வாரம் இரண்டு அத்தியாயம் போடுகிற தொடர்களில் இன்னொரு ஆபத்து: "பாவம், சீக்கிரம் சேத்து வைங்க" என்று 20-ஆவது அத்தியாயத்திலேயே கருத்து வரத் தொடங்கும். பாசத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் அதற்கு இளகிக் கதை நொண்டியானது நிறைய. கடைசி பத்து அத்தியாயத்தையாவது முழுசாக எழுதி வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைப் போடுங்கள்.

அடுத்தது பேச்சு. பகை வந்த வீட்டில் முதலில் போவது உறவுமுறைச் சொல். 'எங்க அண்ணன்' என்பது 'அவுக' ஆகும், பிறகு 'திண்டுக்கல்காரங்க' ஆகும். நேரில் மாட்டிக்கொண்டால் மொட்டையாகப் பேசுவார்கள்: "காபி ஆறுதே", "உள்ள வரலாமே". வா என்றும் இல்லை, வாங்க என்றும் இல்லை. அல்லது நடுவில் ஒரு குழந்தையை நிறுத்தி, "உங்க அத்தைகிட்ட சொல்லு, சாவி ஆணியில மாட்டியிருக்குன்னு". தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கிடைத்திருக்கிற பெரிய வசதி இது. பயன்படுத்துவதே இல்லை, பகையிலும் "அண்ணா, நீங்க ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றே வசனம் போகிறது.

இப்படிச் செய்து பாருங்கள். சின்ன வயதில் அண்ணன் தங்கையைப் 'பாப்பா' என்று கூப்பிடுவார் என்பது 2-ஆம் அத்தியாயத்தில் ஒரே ஒரு முறை வரட்டும். அப்புறம் அந்தச் சொல்லைப் பூட்டி வையுங்கள். நினைவோட்டத்தில்கூட வரக்கூடாது. 38-இலோ 39-இலோ ஒரு முறை, அதுவும் சாதாரண வாக்கியத்தில், "அந்த பேனாவ எடு பாப்பா" என்கிற மாதிரி. மன்னிப்புக் காட்சி என்று 1,800 சொல் எழுதுகிறவர்கள் 400-க்குள் நிற்கலாம்.

கனகாம்பரம்:

அளவு சரி சார், 24-க்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்திரம்தான் தீர்வு என்று பூவரசு கொண்டுபோகும் திசை எனக்கு உறுத்துகிறது. பாதி வீடு திரும்பி வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று வாசகர் நினைத்துவிடுவார்.

12 வருடத்தில் தங்கை வீட்டில் என்னென்ன நடந்திருக்கும்? மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை வேறு யார் மடியிலோ உட்கார்ந்திருப்பான். மகள் பெரியவளான சடங்கு. மாமன் சீர் வந்து இறங்க வேண்டிய இடத்தில் தங்கையின் கணவரே தட்டுகளை வாங்கி அடுக்கி ஒப்பேற்றியிருப்பார். மொய் நோட்டில் தாய்மாமன் பேருக்கு எதிரே ஒன்றும் இருக்காது. இந்தச் சடங்குகள் சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் மாறும். உங்கள் பாத்திரங்களுக்கு உரியதை விசாரித்து எழுதுங்கள். ஆனால் எதையும் மறுபடி நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் பொது. அந்த மகள் 12 வருடம் மாமாவே இல்லாமல் வளர்ந்துவிட்டாள். அவள் ஏன் மன்னிக்க வேண்டும்? கடைசி வரை அவள் மன்னிக்காமல் இருக்கட்டும். அம்மா சேர்ந்தாள், மகள் சேரவில்லை என்று முடிகிற ஒரு குடும்பக் கதைக்காக நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நடுவாசல்:

ஒரு சின்ன இடையீடு. கனகாம்பரம் சொல்லும் 'அழைக்காமலே போகும் கதவு' உறவுக்காரர்களுக்கு உண்டு. நண்பர்களுக்கு? பிரிந்த நண்பனைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சடங்கும் இல்லை, ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேச மாட்டார்கள். அதனால் நட்புக் கதையில் ஆஸ்பத்திரி இன்னும் ஒட்டாது. பூவரசு பக்கம்தான் நான்.

நட்பு முறிய நம் ஊரில் நம்பும்படியான காரணம் ஜாமீன் கையெழுத்து. ஒருவர் பேங்கில் கடன் வாங்க, இன்னொருவர் ஜாமீன் போடுகிறார். கட்டவில்லை என்றால், முதலில் கடன்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று பேங்குக்குக் கட்டாயம் இல்லை. ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் அதே அளவு. நோட்டீஸ் இரண்டு வீட்டுக்கும் வரும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் விழும். ஜாமீன் போட்டவருக்கு மகள் படிப்புக் கடன் கிடைக்காமல் போகும். இதில் மன்னிப்புக் கேட்க எங்கே நேரம்?

திரும்ப வருகிற நண்பர் கடனை எப்படி அடைக்கிறார் என்பதில் கவனம் வையுங்கள். பேங்கோடு பேசிக் குறைத்துக் கட்டினால் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழும். முழுசாகக் கட்டினால்தான் 'குளோஸ்டு'. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் கடன் முடிந்துவிட்டது. ஆனால் முதல் வகையில் அந்தக் கறை வருடக்கணக்கில் நிற்கும், ஜாமீன்தாரரையும் தொடரும். குறைத்துக் கட்டிவிட்டு "முடிச்சிட்டேன்டா" என்று பெருமையாக வந்து நிற்கும் நண்பரிடம் மற்றவர் அந்த அறிக்கையை எடுத்துக் காட்டுவது ஒரு அத்தியாயம். மிச்சத்தையும் கட்டிவிட்டு, நிலுவை இல்லை என்ற கடிதத்தை மட்டும் தபாலில் அனுப்புவது இன்னொன்று.

பூவரசு:

நடுவாசல் சொன்ன 'செட்டில்டு' என் கட்சியை என்னைவிட நன்றாகச் சொல்கிறது.

கனகாம்பரம், மகள் மன்னிக்க வேண்டாம் என்பதை முழுசாக ஏற்கிறேன். பத்திரம் பாசத்துக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் பாசத்தைப் பற்றிப் பேசும் உரிமை அண்ணனுக்கு இல்லை என்கிறேன். வரிசை இப்படி: 24-இல் ஆஸ்பத்திரி, உறவுக் கட்டம், பாலிதீன் பை. 25-இல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அண்ணன். பிறகு ஒரு பத்து அத்தியாயம் தங்கை பக்கமிருந்து எந்த முயற்சியும் இல்லை; அவர்தான் பத்திர எழுத்தரைப் பார்க்கிறார், வில்லங்கச் சான்று எடுக்கிறார், வீட்டில் சண்டை போடுகிறார். நான் தடுமாறும் இடம் 38. சார்பதிவாளர் அலுவலகத்தை நேரடியாகக் காட்டுவதா, சொல்லிவிட்டுப் போவதா?

கனகாம்பரம்:

காட்டுங்கள். 12 வருடத்துக்கு முன் அவளை ஏமாற்றியது அதே பெஞ்ச். டோக்கன் எண் கூப்பிடும் வரை அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். எழுதிக் கொடுப்பவருக்குப் புகைப்படம், விரல் ரேகை. அடையாளம் காட்ட இரண்டு சாட்சி. அந்த இரண்டாவது சாட்சியாக அண்ணியை வையுங்கள். கதை முழுக்க "எம்புள்ளைக்கு என்ன மிச்சம்?" என்று எதிர்த்தவள், ஆதார் அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டுகிறாள். 38-ஐ அவள் பார்வையில் எழுதுங்கள். 'பாப்பா' என்று தன் கணவர் கூப்பிடுவதை அவள் 12 வருடமாகக் கேட்டதில்லை.