அயாம் செமானி பிரீடிங்குக்கு எடுக்கலாமா?

குலசேகரம்_தோட்டம்: அண்ணன்மாரே, நாட்டுக்கோழியும் கடக்நாத்துக் கருங்கோழியும் வளக்கேன், இப்ப ஒருத்தரு இந்தோனேசியாலேந்து இறக்குமதி ஆன அயாம் செமானின்னு (இறகு, தோலு, எலும்பு எல்லாம் கறுப்பா இருக்க கோழி) ஒரு சேவலும் மூணு பெட்டையும் தாறேன்னு சொல்லுதாரு, பிரீடிங்குக்கு எடுக்கலாமா, நம்ம மழைக்கு தாங்குமா?

தக்கலை_கோழி: மக்கா, முதல்ல பேப்பர் கேளு. உயிர்க்கோழி இறக்குமதின்னா மத்திய கால்நடைத் துறை பெர்மிட்டு, குவாரண்டைன் எல்லாம் உண்டு, சும்மா வாயால இம்போர்ட்டுன்னு சொன்னா நம்பாத. கடக்நாத்துலயும் அதே கறுப்பு ஜீன்தான், கிராஸ் பண்ணி செமானின்னு தலையில கட்டிருவாவ. கறுப்பு முட்டை இடும்னு சொன்னா அங்கேயே எந்திரிச்சு வந்துரு, செமானி முட்டை இளம் கிரீம் கலருதான்.

மார்த்தாண்டம்_பண்ணை: நாலும் ஒரே தாய்க்குப் பொறந்ததான்னு கேளுங்க தம்பி, அப்படின்னா பிரீடிங்குக்கு வேண்டாம், போகப்போக பொரிப்பு குறையும், சேவல வேற இடத்துல எடுங்க. மழைய லேசா நினைக்காதீங்க, நமக்கு ஆனி ஆடியிலயும் பெய்யும் ஐப்பசி கார்த்திகையிலயும் பெய்யும், கூட்டுல மரத்தூள் நனைஞ்சு கெடந்தா குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வந்துரும். என்ன வாங்கினாலும் 30 நாள் தனியா வையுங்க, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டுருக்கான்னும் பாருங்க, இல்லன்னா இருக்க கடக்நாத்தும் போயிரும்.

குலசேகரம்_தோட்டம்: சரிண்ணே, பேப்பர் காட்டாம அட்வான்ஸ் குடுக்கல. யாருகிட்டயாவது வேற லைன் (வேற வம்சம்) செமானி சேவல் இருந்தா சொல்லுங்க.